தண்ணீர் கொண்டு வந்தது யார்?

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போய்விட்டன. அவர் ரங்கூனில் அலோன் துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர். கரையில் அடுக்கிய அரிசி மூட்டைகளைக் கயிற்றில் தூக்கிக் கப்பலுக்குள் இறக்குகிற வேலை. அப்படிப்பட்டவர் ஒரு டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகத் தடுமாறுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. டாக்டர், "கால் கொஞ்சம் தேறும், கை பார்க்கலாம், பேச்சு எப்படின்னு சொல்ல முடியாது" என்றார்.

அவரிடம் மிஞ்சியது நாலே வார்த்தை. ஆமா, இல்லை, வா, போ. அதையும் இடம் மாற்றித்தான் சொல்வார். சோறு போடட்டுமா என்றால் "போ" என்பார், தட்டை நீட்டிக்கொண்டே. இவை போக ஒரு பர்மியக் கெட்ட வார்த்தையும் இருந்தது. அது மட்டும் துறைமுகத்தில் சொன்ன மாதிரியே கணீரென்று வரும். அது எப்படி என்று டாக்டரிடம் கேட்டேன். திட்டுகிற வார்த்தைகள் மூளையில் வேறொரு மூலையில் இருக்குமாம்.

எங்கள் ஒரே மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். செய்தி கேட்டு ஓடிவந்து ஒரு மாதம் கூட இருந்தாள். திரும்பிப் போகும்போது தன் பழைய லேப்டாப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, "அம்மா, இதுல அப்பாவுக்கு ஒரு படம் போட்டிருக்கேன். துப்பறியும் படம். கீழே பர்மா எழுத்து வரும், நீங்க படிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

துப்பறியும் கதை என்றால் அவருக்கு உயிர். இளவயதில் கப்பல்காரர்கள் யாராவது மெட்ராஸிலிருந்து கொண்டுவருகிற மலிவு நாவல்களைக் கைமாற்றிக் கைமாற்றி, அட்டை போய்க் கடைசிப் பக்கம் கிழிகிற வரை படித்தவர். கொலைகாரன் யாரென்று தெரியாமலே முடிந்த கதைகள் அவரிடம் ஏராளம். கடைசிப் பக்கம் இல்லாவிட்டாலும் தானே யோசித்து ஒருவனைப் பிடித்து ஜெயிலில் போட்டுவிட்டுத்தான் தூங்குவார்.

இப்போது ரங்கூனில் மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. எப்போது வரும் எப்போது போகும் என்று அடித்துச் சொல்ல முடியாது. வந்ததும் தெரு முழுக்க "மீ லாபி!" என்று ஒரே கூச்சல் எழும், கரண்ட் வந்துவிட்டதாம். உடனே எல்லோரும் அரிசிக் குக்கரைப் போடவும் மோட்டாரைப் போடவும் ஓடுவார்கள். அப்படி வந்த நேரத்தில் லேப்டாப்பில் சார்ஜ் ஏற்றி வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டேன்.

கறுப்பு வெள்ளைப் படம். ஹாலிவுட்டில் எடுத்தது, என் அம்மா பாவாடை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் வந்திருக்கும். மழை பெய்கிறது, தெருவிளக்கு, தொப்பி வைத்த ஒருவன் மழைக்கோட்டின் கழுத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்து வருகிறான். என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்ல படம்போல என்று நானும் நினைத்தேன். அந்த ஆள் கம்பீரமாகத் தன் ஆபீஸ் கதவைத் திறக்கிறான், கைப்பிடி கையோடு வந்துவிடுகிறது. பிறகு பார்த்தால் படம் முழுக்க அப்படித்தான். பூதக்கண்ணாடி வைத்துத் தடயம் தேடுகிறவன் தன் சொந்தக் கட்டைவிரல் ரேகையைக் கண்டுபிடித்து, "குற்றவாளி பக்கத்தில்தான் இருக்கிறான்" என்று அலறுகிறான். அழகான பணக்காரி ஒருத்தி கண்ணீரோடு வந்து கணவரைக் காணோம் என்கிறாள். இவன் அவளைப் பார்த்த மயக்கத்தில் யாரைக் காணோம் என்பதையே கேட்காமல் தேடப் புறப்படுகிறான்.

துப்பறியும் படங்களைக் கேலி செய்து எடுத்த படம் அது. என் மகள் படத்தின் பெயரையும் தொப்பியையும் பார்த்துவிட்டு அசல் என்று நினைத்து ஏற்றியிருக்கிறாள். பிறகு போனில் சொன்னபோது, "ஐயோ, அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்கம்மா" என்று பதறினாள்.

பர்மிய எழுத்து ஓடுகிற வேகத்துக்கு என்னால் படித்துத் தமிழில் சொல்ல முடியவில்லை. இங்கிலீஷும் எனக்குப் பாதிதான் புரியும். அவர் வேறு என் முகத்தையே பார்க்கிறார். சரி, வாயில் வந்ததைச் சொல்லுவோம் என்று ஆரம்பித்தேன். துப்பறிகிறவனுக்கு எங்கள் கோயில் தெருவில் வம்பளக்கிற ஆள் ஒருவரின் குரலைக் கொடுத்தேன். பணக்காரிக்கு, நான் வேலை பார்க்கும் லுங்கித் துணிக் கடைக்கு வந்து நாற்பது துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போகும் அம்மாக்களின் குரல்.

ஒரு காட்சியில் அந்த ஆள் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். கீழே இரண்டு பூட்ஸும் வெளியே தெரிகின்றன. வில்லன் வந்து மரியாதையாக அந்தப் பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டுவிட்டுப் போகிறான். நான், "ஆகா, நம்மை யாரும் பார்க்கலை. சர்வீஸ் மட்டும் நல்லா இருக்கு" என்றேன்.

பக்கத்தில் ஏதோ சத்தம். புரையேறிவிட்டதோ என்று பதறித் திரும்பினேன். சிரிக்கிறார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போகிறது, தோள் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர். நோய் வந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. நானும் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம், படம் பாட்டுக்கு ஓடியது.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் அந்தப் படம்தான். ஒவ்வொரு தடவையும் நான் வேறு வசனம் சொல்வேன். சொன்னதையே சொன்னால் "இல்லை" என்பார். அந்த "இல்லை" மட்டும் சரியான இடத்தில் வந்து விழும்.

இந்த நேரத்தில்தான் எங்கள் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. எங்களுடையது லிஃப்ட் இல்லாத கட்டடம், நாங்கள் நாலாவது மாடி. மாற்று மோட்டார் கிடைக்க நாளாகும் என்றுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் காலையில் கடைக்குப் போகுமுன் கீழே குழாயடியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து, சமையலறையில் இருக்கும் நீலப் பீப்பாயில் ஊற்றுவேன். பாதி நிறைவதற்குள் முட்டி விட்டுப்போகும். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி நான் ஏறி இறங்குவதைப் பார்ப்பார். ஒருநாள் அந்தக் கெட்ட வார்த்தையைச் சொன்னார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்து சமையலறைக்குப் போனால், காலையில் கால்வாசி இருந்த பீப்பாய் பாதிக்கு மேல் இருந்தது. தவறாகப் பார்த்திருப்பேன் என்று நினைத்தேன். மறுநாள் முக்கால்வாசி. அடுத்த நாள் விளிம்பு வரை.

"ஏங்க, யாருங்க தண்ணி ஊத்தினது?" என்று கேட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிற அளவுக்கு அதற்குள் கால் தேறியிருந்தது, கம்பிக் கதவை உள்ளேயிருந்து அவர்தான் திறந்துவிட்டிருக்க வேண்டும்.

"வா" என்றார்.

"வந்தாங்க, சரி. யார் வந்தாங்க?"

"போ" என்றார்.

பெயர் சொல்ல அவரால் முடியாது. ஒவ்வொருவராக நான் சொல்லிக் கேட்டேன். எதிர் வீட்டுப் பையனா, போன் கடையில் வேலை பார்க்கிறானே? "ஆமா." மேல் வீட்டு ரிட்டயரான பெரியவரா, செடி வளர்க்கிறவர்? "ஆமா." இரண்டு பேரும் சேர்ந்தா? "இல்லை." தலையும் வார்த்தையும் ஆளுக்கொரு பக்கம் போயின. நோய் செய்கிற வேலை என்று விட்டுவிட்டேன்.

ஆனால் மனசு கேட்கவில்லை. நாலு மாடி தண்ணீர் சுமக்கிறவருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டாமா? அன்று படம் பார்க்கும்போது, "நானே சோன்டௌ வேலை பார்க்கப் போறேன்" என்று சொன்னேன். பர்மாக்காரர்கள் துப்பறிகிறவனை அப்படித்தான் சொல்வார்கள். அவர் இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோய் இல்லாத தொப்பியை எனக்காகத் தூக்கினார்.

மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் விசாரணை. படத்தில் வருகிற ஆள் மாதிரி சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு சமையலறைக்குள் நுழைவேன். மாடிப்படியைக் குனிந்து ஆராய்வேன். படியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. "கவனிச்சீங்களா? ஒரு துளிகூடச் சிந்தாமத் தூக்கியிருக்கான். ரொம்ப நிதானமான ஆள்" என்பேன். சமையலறைத் தரை துடைத்திருக்கும், துடைத்த பழைய லுங்கி பால்கனிக் கொடியில் ஈரமாகத் தொங்கும். "தண்ணியும் ஊத்தி, தரையும் துடைச்சு, துணியையும் காயப்போட்டிருக்கான். கல்யாணமான ஆளாத்தான் இருக்கணும். பொண்டாட்டி நல்லாப் பழக்கியிருக்கா" என்று தீர்ப்புச் சொல்வேன். அவர் சிரித்துச் சிரித்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்வார்.

முதல் சந்தேகம் எதிர் வீட்டுப் போன் கடைப் பையன்மேல். பையன் என்று சொன்னாலும் முப்பது வயது இருக்கும். ஒரு தட்டு வடை சுட்டுக் கொண்டுபோய், "செய்த உதவியை மறக்க மாட்டேன்" என்று பர்மிய மொழியில் சொல்லிக் கொடுத்தேன். அவன் விழித்தான். வடையை வாங்கிக்கொண்டான். மறுநாள் காலை கதவைத் தட்டி, தலையைச் சொறிந்துகொண்டே, "அக்கா, நான் எந்த உதவியும் செய்யலையே. வடையை வேற சாப்பிட்டுட்டேன். ஏதாவது செய்யணுமே" என்றான். உள்ளே லேப்டாப்பைப் பார்த்தவன், பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்று நான் சொன்னதைக் கேட்டு, கடைக்கு எடுத்துப்போய் வேறு பேட்டரி போட்டுக்கொண்டு வந்தான். அவனால் படம் இடையில் நிற்காமல் கடைசி வரை ஓடியது.

அடுத்தது மேல் வீட்டுப் பெரியவர். அவருக்குச் சர்க்கரைப் பொங்கல். பெரியவர், இந்துக்களுக்கு இன்று ஏதோ திருநாள் போல என்று நினைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கி என்னை வாழ்த்தினார். இரண்டு நாள் கழித்து ஒரு துளசித் தொட்டியோடு இறங்கி வந்தார். இத்தனை வருஷம் படியில் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனவர், அன்று உட்கார்ந்து டீ குடித்தார். என் கணவரிடம் ஒன்றும் கேட்காமல், பதிலும் எதிர்பார்க்காமல், தன் செடிகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். இவரோடு அப்படிப் பேச அதுவரை யாருக்கும் தெரியவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் அவரை விட்டுவிட்டு என்னிடம்தான் பேசுவார்கள்.

குற்றவாளி மட்டும் கிடைக்கவே இல்லை.

ஒருநாள் கடை முதலாளியின் உறவில் யாரோ தவறிவிட்டார்கள் என்று மத்தியானமே கடையை அடைத்துவிட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் தெருமுனையில் திரும்பினேன். எங்கள் கட்டடத்தின் அடியில் ஒரு பர்மிய அம்மா அத்தோ என்கிற நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார். நாலு பிளாஸ்டிக் முக்காலி, ஒரு பெரிய சட்டி, அவ்வளவுதான். என்னைவிட மூத்தவர், நான் அமா என்பேன், அக்கா என்று அர்த்தம். அந்த அமா கடையில் நிற்காமல் தெருவில் நின்று தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் நிமிர்ந்து பார்த்தேன்.

ரங்கூனில் மாடி வீடுகளிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. பேப்பர், பலகாரம் எல்லாம் அதில் மாட்டிவிட்டு இழுத்தால் மேலே மணி அடிக்கும். எங்கள் வீட்டுக் கயிற்றில் அன்று மூடி போட்ட பெயிண்ட் வாளி ஒன்று தொங்கியது. அது மெல்ல மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது. ஒரு சாண் ஏறும், நிற்கும். மறுபடி ஒரு சாண். பால்கனிக்கு மேல் ஒரு சின்னக் கப்பி கட்டியிருந்தது, அதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. பால்கனிக்குள், கம்பியில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு, இடது கையால் கயிற்றை இழுத்து, இழுத்ததைக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தி, மூச்சு வாங்கி மறுபடி இழுத்துக்கொண்டு என் கணவர் நின்றார்.

கத்தத்தான் வாய் திறந்தேன். கத்தினால் கயிற்றை விட்டுவிடுவாரோ, குனிந்து பார்த்து விழுந்துவிடுவாரோ என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அமா என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்து முக்காலியில் உட்காரவைத்தார்.

"பயப்படாதே தங்கச்சி. தினமும் பார்க்கிறேன். வாளியில பாதிதான் நிரப்புவேன். இடுப்புல ஒரு கயிறு கட்டி உள்ளே ஜன்னல் கம்பியில மாட்டியிருக்கார் பாரு. அந்தக் கயிறு இல்லாம தண்ணி தரமாட்டேன்னு முதல் நாளே சொல்லிட்டேன்."

"எப்படி அமா? அவருக்குத்தான் பேச வராதே?"

"பேசவே இல்லை. ஒருநாள் மணி அடிச்சது, பார்த்தா காலி வாளி இறங்கி வருது. மேலேயிருந்து குழாயைக் காட்டுறார். அப்புறம் உன்னைக் காட்டுறார். உன்னைன்னு எப்படித் தெரியும்னா, நீ முட்டியைப் பிடிச்சுக்கிட்டுப் படி ஏறுவியே, அப்படியே செஞ்சு காட்டினார்." அமாவுக்குச் சிரிப்பு வந்தது. "கப்பி என் தம்பி வாங்கி மாட்டிக் கொடுத்தது. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவர்தான் வாயில விரல் வைச்சார்."

நான் நன்றி சொல்ல ஆரம்பித்தேன். அழுகைதான் வந்தது. அமா, "தண்ணி குழாயில வருது, நான் வாளியைப் பிடிச்சேன், அதுக்குப் போய்" என்று சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பர்மாக்காரர்களுக்கு நன்றியைக் கேட்டுக்கொண்டு நிற்பது பெரிய கூச்சம்.

வாளி பால்கனிக்குள் போன பிறகுதான் நான் மேலே ஏறினேன். என் சாவியால் சத்தமில்லாமல் கம்பிக் கதவைத் திறந்தேன். நீளமான அந்த வீட்டில் வாசல் பக்கத்திலிருந்து சமையலறைக்கு, சுவரில் தோளை உரசிக்கொண்டு, வலது காலை இழுத்து, இடது கையில் வாளியோடு போய்க்கொண்டிருந்தார். சிந்தின தண்ணீரை, காலுக்கடியில் போட்டிருந்த பழைய லுங்கி துடைத்துக்கொண்டே போனது. கல்யாணமான ஆள் என்று சொன்னேனே, அது ஒன்றுதான் சரி.

வாளியை ஊற்றிவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்தார். மாட்டிக்கொண்ட முகம் ஒரு நொடிதான். பிறகு வாயின் ஒரு பக்கம் மேலே போனது. என்னை நோக்கி விரலை நீட்டி, "சோன்... டௌ" என்றார்.

புது வார்த்தை. நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை. "விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? அந்தக் கம்பி எத்தனை வருஷத்துக் கம்பி தெரியுமா? நான் ஒருத்தி வீடு வீடா வடை சுட்டுக் கொடுத்துக்கிட்டு இருக்கேன், நீங்க உட்கார்ந்து சிரிச்சீங்களே!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் காய்ப்புக் காய்த்திருந்தது, துறைமுகத்தில் வேலை பார்த்த நாட்களில் போல. "ஏங்க எங்கிட்டச் சொல்லலை? தலையாட்டியாவது காட்டியிருக்கலாமே?"

அவர் ரொம்ப நேரம் முயன்றார். உதடு கூடியது, பிரிந்தது. வார்த்தை எங்கேயோ இருக்கிறது, வழி தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் எடுத்துக்கொடுக்காமல் காத்திருந்தேன்.

"நீ" என்றார். "நீ... சிரி..." என்று சொல்லி, என் வாயைத் தொட்டார்.

அந்த வீட்டில் சிரிப்பு நின்றுபோனது அவருக்கு மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். என் முகத்தையும் ஒருவர் தினமும் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நான் சமையலறைக்குள் நுழைவதை நிறுத்திவிடக் கூடாது என்றுதான் வாயைத் திறக்கவில்லை.

டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவருக்குக் கோபம் வந்தது. பிறகு இவர் கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, வாளியில் கால்வாசிக்கு மேல் கூடாது, இடுப்புக் கயிறு கட்டாயம், வலது கையும் கயிற்றைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும் என்றார். அமாவின் தம்பி பால்கனிக் கம்பிக்கு முட்டுக் கொடுத்து வெல்டிங் வைத்துவிட்டுப் போனார். புது மோட்டார் வந்த பிறகும் கப்பியைக் கழற்றவில்லை. மேல் வீட்டுப் பெரியவரின் உரப் பையும், போன் கடைப் பையன் வாங்கிவருகிற காய்கறியும் எங்கள் பால்கனி வழியாகத்தான் ஏறுகின்றன. கீழேயிருந்து மணி அடித்தால் இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிற வேகத்தைப் பார்க்க வேண்டும்.

பொழுது போகாத நாட்களில் நான் யோசிப்பதுண்டு. என் மகள் ஒழுங்காக ஒரு அசல் துப்பறியும் படத்தை ஏற்றியிருந்தால், நான் பொறுமையாகப் படித்துச் சொல்லியிருப்பேன், அவர் பொறுமையாகக் கேட்டிருப்பார். அதோடு முடிந்திருக்கும். தெரியாமல் செய்த அந்தத் தப்புக்காக அவளுக்கு நான் எத்தனையோ தடவை போனில் நன்றி சொல்லிவிட்டேன். அவள் இன்னும் கேலி செய்கிறேன் என்றே நினைக்கிறாள். எங்கேயோ ஒரு தேசத்தில், நான் பிறக்கிறதற்கும் முன்னால், திரைச்சீலைக்குப் பின்னால் பூட்ஸ் தெரிய நின்ற அந்த மனிதர் இப்போது உயிரோடு இருக்க மாட்டார். அவருக்கும் சேர்த்துக் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்யலாமா என்று நினைத்தேன். பெயர், நட்சத்திரம் கேட்பார்களே என்று விட்டுவிட்டேன். மனசுக்குள் கும்பிட்டேன்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் காலை அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கதவுப் பக்கம் நின்றார். நோய் வந்ததிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தவிர அவர் கீழே இறங்கியதில்லை, அதுவும் ஆள் தூக்கித்தான். "எங்கே?" என்றேன். "வா" என்றார். இந்தத் தடவை அது சரியான வார்த்தை. கைப்பிடியை இடது கையால் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்கினார். நான் ஒரு படி முன்னால் திரும்பி நின்றுகொண்டே இறங்கினேன். கீழே போய்ச் சேர்ந்தபோது இருவருக்கும் வேர்த்துவிட்டது.

அத்தோ கடை அமா எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு வந்தார். தனக்கு வைத்திருந்த முதுகுச் சாய்வுள்ள நாற்காலியை இழுத்துப் போட்டு, என் கணவரைப் பார்த்து "அகோ, இங்கே உட்காருங்க" என்றார். அகோ என்றால் அண்ணன். கேட்காமலே இரண்டு தட்டு அத்தோ வந்தது. நூடுல்ஸில் முட்டைக்கோஸும் பொரித்த வெங்காயமும் புளியும் போட்டுக் கையாலேயே பிசைந்தது, பக்கத்தில் சூடாக வாழைத்தண்டு சூப்பு. அவர் இடது கையால் சாப்பிட்டு முடித்து, தட்டை அமாவிடம் நீட்டி இன்னும் என்று தலையாட்டினார். தெருவில் போகிறவர்கள் நின்று அவரைப் பார்த்துப் பேசினார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார். வெயில் ஏறுகிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.